கர்மா கர்மா என்கிறோமே, அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது?

நம்மை உரசாத குறையாக பைக்கில் முந்திக்கொண்டு போனவர் அடுத்த சிக்னலில் போலீஸிடம் மாட்டி, லைசென்ஸைத் தேடிப் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், வாயெல்லாம் பல்லாக "கர்மா" என்கிறோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் கர்மா இப்படித்தான், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து அடிக்கும். என் பாட்டியிடம் இந்தச் சொல் வேறு மாதிரி புழங்கியது. முட்டிவலியோடு படியேறும்போது "எந்த ஜென்மத்துல பண்ணின கர்மமோ" என்பார். அதே பாட்டி, பேரன் மூக்கில் விரலை விட்டால் "கருமம், கருமம், கைய எடுடா" என்பார். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி. தமிழ் வகுப்பில் வினைச்சொல், வினைத்தொகை. யாரோ பில்லி சூனியம் வைத்துவிட்டார்கள் என்றால் அது செய்வினை. இத்தனையையும் தீர்த்து வைக்க முச்சந்தியில் வினை தீர்க்கும் விநாயகர்.

இவ்வளவு இடத்தில் வந்து போகிற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் மட்டும் "அதான், விதி" என்று முடித்துவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கர்மம், கன்மம், வினை எல்லாவற்றுக்கும் நேர்ப்பொருள் ஒன்றுதான்: செயல். நேற்று பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் செலவுக்குப் பணம் கொடுத்தேன், அது ஒரு செயல். அது நேற்றே முடிந்துபோய்விட்டது. அதன் பலன் நாளைக்கோ, முப்பது வருடம் கழித்தோ, இன்னொரு பிறவியிலோ வரும் என்கிறார்கள். சரி, அதுவரை அந்தச் செயல் எங்கே இருக்கிறது? எதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது? பலனைக் கொண்டுவந்து கொடுப்பது யார், அல்லது எது? முகவரி மாறாமல் எனக்கே எப்படி வந்து சேர்கிறது?

இந்தக் கேள்விகளை வைத்துத்தான் வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன மீமாம்சகர்களும் சமணர்களும் பௌத்தர்களும் சைவர்களும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 'இந்திய மதங்கள் எல்லாம் கர்மாவை நம்புகின்றன' என்று ஒரு வரியில் சொல்வது, தமிழ்நாட்டில் எல்லோரும் சாம்பார் வைக்கிறார்கள் என்று சொல்வதைப் போல. ஆமாம், வைக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டு சாம்பார் இன்னொரு வீட்டில் இறங்காது. இதில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு: வினை என்பது என்னவென்று ஒரு மதம் நினைக்கிறதோ, அதற்கேற்பத்தான் அந்த மதத்தின் விரதமும் வழிபாடும் அமைகின்றன. நோய் இன்னதென்று வைத்தியர் சொல்வதைப் பொறுத்து மருந்து மாறுகிற மாதிரி.

முதலில் பழைய சரக்கு. வேதத்தில் கர்மம் என்றால் பெரும்பாலும் வேள்விச் சடங்கு. சொர்க்கம் வேண்டுகிறவன் வேள்வி செய்யட்டும் என்கிறது வேதம். வேள்வி மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது, சொர்க்கமோ செத்த பிறகு. நடுவில் இருக்கிற இடைவெளியை எப்படி நிரப்புவது? மீமாம்சை தரிசனக்காரர்கள் (தரிசனம் என்றால் இங்கே தத்துவப் பிரிவு) 'அபூர்வம்' என்று ஒன்றைச் சொன்னார்கள். அபூர்வம் என்றால் இங்கே அரிதானது என்று பொருளல்ல, 'முன்பு இல்லாதது'. சடங்கைச் சரியாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆற்றல் புதிதாகப் பிறக்கிறது, நேரம் வந்ததும் அதுவே பலனைக் கொடுக்கிறது. பலன் கொடுக்கத் தனியாக ஒரு கடவுள் வேண்டியதில்லை. வேதத்தை மிகக் கறாராகப் பிடித்துக்கொண்ட தரிசனத்துக்கே உலகைப் படைத்துப் பலன் வழங்கும் கடவுள் தேவைப்படவில்லை என்பது இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிற பலருக்கும் தூக்கிவாரிப்போடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சடங்கு என்ற அர்த்தத்திலிருந்து 'நாம் செய்கிற எல்லாச் செயலும்' என்ற அர்த்தத்துக்கு இந்தச் சொல் நகர்ந்ததை பிருகதாரண்யக உபநிடதத்தில் ஒரு காட்சியாகவே பார்க்கலாம். விதேக நாட்டு ஜனகனின் அவையில் வாதம் நடக்கிறது. ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கியர் என்ற ஞானியைப் பார்த்துக் கேட்கிறார்: மனிதன் செத்தால் அவன் பேச்சு நெருப்பில் கலக்கிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில், மனம் நிலவில், உடல் மண்ணில், மேனியிலுள்ள மயிர் செடிகொடிகளில், தலைமுடி மரங்களில், எல்லாம் இப்படிப் பிரிந்து போய்விட்டால் அந்த ஆள் எங்கே? நல்ல கேள்வி. அதற்கு யாக்ஞவல்கியர் அவையில் பதில் சொல்லவில்லை. "கையைக் கொடு ஆர்த்தபாகா, இதை நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வோம், கூட்டத்தில் வேண்டாம்" என்று வெளியே அழைத்துப் போகிறார். அங்கே அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றித்தான், நல்ல செயலால் மனிதன் நல்லவனாகிறான், கெட்ட செயலால் கெட்டவனாகிறான் என்று உபநிடதம் முடித்துக்கொள்கிறது. இன்று ஆட்டோவின் பின்னால் எழுதி ஒட்டுகிற விஷயம், அன்று காதோடு காதாகச் சொல்ல வேண்டிய ரகசியமாக இருந்திருக்கிறது.

இனி சமணத்துக்கு வருவோம். எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு ஒளிவுமறைவில்லாத பதில் சமணர்களிடம்தான் இருக்கிறது. உயிரின்மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நிஜமாகவே. சமணத்தில் வினை என்பது உவமையெல்லாம் இல்லை, மிக மிக நுண்ணிய ஒரு பொருள், ஒரு வகைத் தூசி. உலகம் முழுக்க நிறைந்திருக்கிறது. உடலாலோ சொல்லாலோ மனத்தாலோ நாம் அசையும்போதெல்லாம் அது உயிரை நோக்கி வருகிறது. வறண்ட சுவரில் தூசி பட்டால் உதிர்ந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அப்பிக்கொள்ளும், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் துடைத்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பிசுக்குதான் கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை. தமிழ்ச் சமணர்கள் இதற்கு அழகான தமிழ்ச் சொற்களையே வைத்திருக்கிறார்கள்: வினை உள்ளே வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, வராமல் அடைப்பது செறிப்பு, ஏற்கெனவே ஒட்டியதைக் கழிப்பது உதிர்ப்பு, கடைசியில் வீடு. ஓட்டைப் படகு என்று வைத்துக்கொண்டால் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், அப்புறம் உள்ளே இருக்கும் நீரை இறைக்க வேண்டும். வினையை எட்டு வகையாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள்: அறிவை மறைப்பது ஒன்று, மயக்கத்தைத் தருவது ஒன்று, ஆயுளைத் தீர்மானிப்பது ஒன்று என்று ஒரு பட்டியல்.

வினை இப்படி ஒரு பொருள் என்று ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். ஆடையும் துறந்த திகம்பரத் துறவி ஏன் மயிற்பீலியை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தைத் தடவி விடுகிறார், ஏன் இருட்டுவதற்கு முன்பே சாப்பாட்டை முடிக்கிறார்கள், ஏன் இவ்வளவு பட்டினி. பட்டினி அவர்களுக்குத் தண்டனையாகத் தெரிவதில்லை, உதிர்ப்புக்கான வழியாகத் தெரிகிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. சமணத்தின் பெரிய குருமார்களான இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கிய பாறை. அங்கே ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரிகர் என்ற துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் அது என்கிறது. வெறும் செய்தியாகப் படித்தால் திடுக்கிடும். அவர் கண்ணால் பார்த்தால், எத்தனையோ பிறவியாகப் படிந்த தூசியை ஒருவர் உட்கார்ந்து பெருக்கி முடித்திருக்கிறார்.

முகவரி மாறாமல் எப்படி வருகிறது என்பதற்கும் சமணர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரில் ஒரு காட்சி இருக்கிறது. நிறைய மாடுகள் நிற்கிற கூட்டத்தில் ஒரு கன்றை அவிழ்த்து விட்டால், அது அத்தனை மாட்டையும் தாண்டிப் போய்த் தன் தாயிடம் முட்டும். பழவினையும் அப்படித்தான், செய்தவனைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். மாடு வைத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

புத்தர் சமணத்தின் மகாவீரர் காலத்து ஆள், அவர் நடந்த ஊர்களிலேயே நடந்தவர், ஆனால் பதில் வேறு. "எண்ணத்தையே நான் கர்மம் என்கிறேன்" என்பது புத்தர் பேச்சுகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும் அவர் வாக்கு. எண்ணம் என்பதற்கு அங்கே இருக்கும் பாலிச் சொல் சேதனை, வேண்டுமென்று மனம் ஒன்றை நோக்கித் திரும்புவது. தெரியாமல் ஒரு எறும்பை மிதித்தால் சமணத்தில் அதற்கும் கணக்குண்டு, கவனமில்லாமல் நடந்ததே குற்றம். பௌத்தத்தில் கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இதைப் பற்றி நேரடியாகவே ஒரு வாதம் நடந்ததாக மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் வருகிறது. நாலந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வந்தர், உடலால் செய்யும் வினைதான் கனமானது என்ற சமணக் கட்சியை எடுத்துக்கொண்டு புத்தரை மடக்கப் போகிறார், கடைசியில் புத்தரின் சீடராகத் திரும்புகிறார். இது பௌத்தர்கள் எழுதி வைத்த கதை, ஜெயிப்பது யார் என்று சொல்லவா வேண்டும்.

எனக்குப் புத்தரின் பதில்களில் பிடித்தவை இரண்டு. ஒன்று உப்புக் கட்டி. ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் உப்புக் கட்டியைப் போட்டால் குடிக்க முடியாது, அதே கட்டியைக் கங்கையில் போட்டால்? அதே அளவு தவறுதான், ஆனால் மனத்தை விரிவாக வளர்த்துக்கொண்டவனுக்கு அது இங்கேயே லேசாக வந்து போய்விடும், குறுகிய மனம் உள்ளவனை நரகம் வரை இழுத்துப் போகும். இத்தனை செய்தால் இத்தனை அடி என்ற கிராம் கணக்கு கிடையாது. இன்னொன்று, சீவகன் என்ற பரிவிராஜகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, வந்து, மனிதன் அனுபவிக்கிற இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்கிறார்களே, சரியா என்று கேட்கிறார். சரியில்லை என்கிறார் புத்தர். பித்தத்தால் வருவது உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் சேர்ந்து வருவது உண்டு, பருவம் மாறுவதால், உடம்பைக் கவனிக்காமல் விடுவதால், பிறர் தாக்குவதால் என்று ஏழு சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார். என் பாட்டியின் முட்டிவலி அதில் மூன்றாவதில் அடங்கிவிடும்.

நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்றும் பௌத்தம் சொல்கிறதே, அப்புறம் மறுபிறவி யாருக்கு என்று கேட்பீர்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிற மாதிரி என்பார்கள். இதற்குள் இறங்கினால் இன்றைக்கு வெளியே வர மாட்டோம்.

ஆசீவகர்களை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம். புத்தர் காலத்துத் துறவி மற்கலி கோசாலரின் கட்சி. எல்லாம் நியதி, முயற்சியால் ஒன்றும் கூடாது குறையாது. நூல்கண்டை வீசி எறிந்தால் நூல் தீரும்வரை உருண்டு நிற்கும், உயிரும் அப்படித்தான், பிறவிகள் தீரும்வரை உருண்டுவிட்டு நிற்கும். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே நீள நூல். நாம் சாதாரணமாக 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லும்போது உண்மையில் பேசுவது இவர்கள் கட்சியைத்தான், அதற்குக் கர்மா என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். பீகாரில் பராபர் குன்றில் அசோகர் இவர்களுக்குக் குடைந்து கொடுத்த குகைகள் இன்றும் இருக்கின்றன, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சுவர்களோடு.

இப்போது 'கொடுப்பது யார்' என்ற கேள்வி. தூசியோ எண்ணமோ, அதற்கு அறிவு கிடையாது, அது எப்படித் தானாகக் கணக்குப் பார்த்துப் பலன் கொடுக்கும், ஒருவர் இருந்து கொடுக்க வேண்டாமா என்று வேதாந்திகளும் சைவர்களும் கேட்டார்கள். ஆனால் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றால் உடனே அடுத்த சிக்கல்: ஒருவனுக்கு மாளிகை, ஒருவனுக்குப் பிளாட்பாரம் என்று கொடுக்கிற கடவுள் என்ன கடவுள்? ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில் இதற்கு மழையைக் காட்டுகிறார். மழை எல்லா வயலுக்கும் பொது. நெல் போட்ட இடத்தில் நெல், வேறு தானியம் போட்ட இடத்தில் அந்தத் தானியம். வித்தியாசம் விதையில் இருக்கிறது.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நெருக்கமாகப் பேசும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார், அதன் பிறகு வந்த உரைகளும் வழிநூல்களும்தான் மலைபோல. உயிரைப் பிடித்திருக்கும் மலங்கள், அதாவது அழுக்குகள், மூன்று: ஆணவம், கன்மம், மாயை. அதில் கன்மத்தையே மூன்றாகப் பிரிப்பார்கள். சேர்ந்து கிடக்கும் மொத்தம் சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று எடுத்துக் கொடுத்த பங்கு பிராரத்தம், அதை அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். மொத்தக் கடன், இந்த மாதத் தவணை, தவணை கட்டப் போன இடத்திலேயே தேய்த்த புது கார்டு. கடன் ஏன் எப்போதும் தீர்வதில்லை என்பது கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். புண்ணியமும் இதில் கடன்தான், பொன்விலங்கும் விலங்கே. அதனால் நல்வினை தீவினை இரண்டின் பயனையும் ஒரே மாதிரி பார்க்கிற இருவினையொப்பு வரவேண்டும், அப்போதுதான் இறைவன் அருள் பதியும் என்பது அவர்கள் கணக்கு. துன்பம் தருவதுகூட வைத்தியர் கட்டியை அறுப்பது போலத்தான்.

கணக்கு இருக்கட்டும், சைவத்தில் எனக்குப் பிடித்த இடம் திருச்செங்கோடு. அன்று அதன் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து, கூட வந்தவர்களுக்குக் குளிர்சுரம் கண்டது என்கிறது பெரியபுராணம். அந்த ஊர்ப்பக்கம் அந்தக் காலத்தில் அந்தச் சுரம் வருவது வழக்கம்தான். யாராவது ஒருவர் 'முன்வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்' என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது, சம்பந்தர் பாட்டை ஆரம்பிக்கிற விதம் அப்படி: "அவ்வினைக் கிவ்வினை யாமென்று சொல்லு மஃதறிவீர், உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே". அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிகிறது உங்களுக்கு, பிழைக்கிற வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது குறையில்லையா? வினை என்ற சொல்லையே திருப்பிப் போடுகிறார் பாருங்கள், செய்வினைக்கு எதிராக உய்வினை, கைவினை. அடுத்த பாட்டில் சோலை வைப்பதும் குளம் வெட்டுவதும் பூப்பறித்துத் தொழுவதும் வருகிறது. வினை வந்து எம்மைத் தீண்டாது, திருநீலகண்டத்தின்மேல் ஆணை என்கிற மாதிரிதான் கடைசிப் பாட்டைத் தவிர மற்றப் பாட்டெல்லாம் முடிகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சின்னப் பிள்ளை ஊழுக்குப் போட்ட இந்த அதட்டலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

வைணவத்தில் சரணாகதி இதே வேலையைச் செய்கிறது. கீதை கேட்பது வேறு, செயலை விடாதே, பலனில் உரிமை கொண்டாடாதே, ஒட்டாது என்கிறது. சீக்கியர்களின் ஜப்ஜியில் குருநானக் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: கர்மத்தால் உடம்பு என்ற உடை கிடைக்கிறது, அருட்பார்வையால் வீட்டின் வாசல் கிடைக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதன் அசிங்கமான பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. 'அவன் போன பிறவியில் செய்தது' என்பதை இந்த நாட்டில் யார் யாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அறத்தின் பயன் இது என்று நூலைக் காட்டி விளக்க வேண்டாம், பல்லக்கில் போகிறவனையும் அதைத் தூக்குகிறவனையும் பார்த்தாலே தெரியும் என்று 37ஆம் குறளுக்குப் பரிமேலழகர் பொருள் சொல்லிவிட்டுப் போனார். இல்லை, அந்த இருவருக்கிடையில் 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என்பதே பொருள் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், 'வேண்டா' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், முற்பிறவி வினை இப்பிறவியைத் தீர்மானிக்கிறது என்பதைப் புத்தரின் பெயரிலும் ஏற்க மறுத்தார். ஏழை ஏழையாக இருப்பதற்கு அவன் முற்பிறவிதான் காரணம் என்றால், அரசும் சமூகமும் கையைக் கழுவிக்கொள்ளலாம் அல்லவா.

ஆனால் ஊழை நம்பினாலே பல்லக்குப் பக்கம்தான் போய் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணியன் பூங்குன்றனார் ஊழை முழுசாக நம்புகிறவர். ஆற்றோடு போகிற தெப்பம் போல உயிர் முறைவழி போகும் என்கிறார். அதிலிருந்து அவர் வந்து சேர்கிற இடத்தைப் பாருங்கள்: அதனால் பெரியவர்களைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. பல்லக்கில் உட்கார்ந்திருப்பவனும் ஆறு கொண்டுவந்து விட்ட தெப்பம்தான், அவனை என்ன வியப்பது.

சிலப்பதிகாரமும் அப்படித்தான். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகத்திலேயே சொல்லிவிடுகிறது. கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி அழுது திரிந்து மலையிலிருந்து விழுந்து செத்தாள். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியானால் பாண்டியன்மேல் என்ன தப்பு, அவன் வினையின் கருவிதானே என்று யாராவது கேட்கலாம். அதே பதிகம், அரசியல் பிழைத்தவர்களுக்கு அறமே எமனாகும் என்பதையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அரசவையில் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது நெடுஞ்செழியன் யாருடைய ஊழையும் காரணம் காட்டவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்றான், சிங்காதனத்திலிருந்து விழுந்தான். மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்கு அந்த முற்பிறப்புக் கதையைச் சொல்வது அதற்கெல்லாம் அப்புறம்தான், ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது.